எந்தப் படையிலும் சேராதவள்

யாருக்கும் மண்டியிட மாட்டேன் என்பதில் ஒன்பது வயதிலேயே நான் கறாராக இருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்திருந்தார். அதிலிருந்த விளையாட்டில் ஒரு மாய தேசம். ராஜாவின் படைக்கும் கலகப் படைக்கும் போர் மூளப்போகிறது. ஏதாவது ஒரு தளபதியின் முன் நாம் மண்டியிட்டுச் சத்தியம் செய்தால்தான் போர் தொடங்கும். இருவருக்கும் ‘இப்போது இல்லை’ என்ற பதிலையே அழுத்திவிட்டு, காட்டில் காளான் பறித்து விற்றுச் சௌக்கியமாக இருந்தேன்.

“ஏட்டி, ஒரு பக்கம் சேந்தாத்தான கதை நகரும்?” என்றார் மாமா.

“நகர வேண்டாம். ரெண்டும் திமிர் பிடிச்சவனுவ மாமா.”

கொஞ்ச நாளில் மாமா வண்ணார்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. அவருடைய புது வீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையில், மூத்த மருமகனான அப்பாவின் பெயரைச் இளைய மருமகனான சித்தப்பாவின் பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்களாம். அப்பாவுக்கு அதற்குத்தான் அத்தனை கோபம்.

அப்போது என் தம்பிக்குக் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதுதான் வழக்கம். அப்பாவோ தன் ஒன்றுவிட்ட அண்ணனின் மடி போதும் என்றார்.

“எந்தம்பி மடியில்லாம எம்பிள்ள காதுல ஊசி படாது” என்றாள் அம்மா.

அப்பா அதட்டிப் பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். அம்மா மசியவில்லை. தம்பிக்கு மூன்று வயது முடிந்தும் காது வெறும் காதாகவே இருந்தது. நீ யார் பக்கம் என்று இருவரும் என்னைத் தனித்தனியாகக் கேட்டார்கள். நான் யார் பக்கமும் இல்லை என்றேன்.

பங்குனி உத்திரத்துக்கு நாங்குநேரிப் பக்கம் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். அம்மா தோப்பில் பொங்கல் பானையோடு இருந்த நேரம் பார்த்து அப்பா ஆசாரியைக் கூட்டிவந்துவிட்டார். அந்த ஒன்றுவிட்ட பெரியப்பா ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தம்பி அவரிடம் போகாமல் அலறிக்கொண்டு என் பாவாடையைப் பிடித்தான். எனக்கு எல்லார் மீதும் ஆத்திரமாக வந்தது.

“ஒருத்தர் மடியும் வேண்டாம். நானே வச்சுக்கிடுதேன்” என்று சொல்லிப் பெரியப்பாவை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். “சரி, அக்கா மடிதான. குத்தும்வே ஆசாரி” என்றார்.

தம்பியின் அழுகை கேட்டு அம்மா கரண்டியோடு ஓடிவந்தபோது இரண்டு காதும் குத்தி முடிந்திருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

“நீயாட்டி?” என்றாள் என்னிடம்.

“ஆமா” என்றேன், தலையை நிமிர்த்தி.

மறுநாளும் இரண்டு தளபதிகளுக்கும் ‘இப்போது இல்லை’ என்று அழுத்தினேன். உலகத்திலேயே எந்தப் பக்கமும் சேராமல் ஜெயித்தவள் நான்தான் என்று நினைப்பு. மாமா வாங்கிவைத்திருந்த சிவப்புக்கல் கடுக்கன் தம்பி காதில் ஏறவே இல்லை. அப்பாவுக்கு அன்று வேண்டியிருந்தது மாமாவுடையதாக இல்லாத ஒரு மடி மட்டுமே என்பதும், அம்மா ஒற்றையாளாக நின்று காத்த கோட்டைக்கு உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டவள் நான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.