கூலண்ட் விளக்கும் ஒரு முழம் சாமந்தியும்

எங்கள் காருக்குப் பன்னிரண்டு வயது. அதை விற்றுவிட்டுத் தவணையில் புதியது வாங்க வேண்டும் என்பது என் கணவர் முரளியின் கட்சி. கார் ஓட்டக் கற்றதே அதில்தான், கொடுக்க மாட்டேன் என்பது என் கட்சி. ஒரு மாத இழுபறிக்குப் பிறகு பந்தயத்தில் வந்து நின்றோம். தாம்பரத்திலிருந்து செஞ்சிக்குப் போய், மண்டகப்பட்டுக் குடைவரையையும் பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்ப வேண்டும். வண்டி வழியில் தகராறு செய்தால் திங்கட்கிழமை புரோக்கருக்குப் போன் போகும். செய்யாவிட்டால் விற்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. ஆயுத பூஜை முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டோம். திண்டிவனத்தில் வலப்பக்கம் பிரிந்து செஞ்சி போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர், சாலை நன்றாகவே இருக்கிறது. பொங்கல், வடை சாப்பிட்டுவிட்டுக் கோட்டைக்குப் போனோம். ராஜகிரி உச்சிக்கு ஏறி இறங்க எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. வேகமாக ஏறுகிறவர்களுக்கு இரண்டு போதும். முரளியோடு வருகிறவர்களுக்கு மூன்று. மேலே வீசிய காற்றில் அவரே ஒரு கட்டத்தில், "வண்டி நல்லாத்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

கீழே இறங்கி மண்டகப்பட்டுக்குக் கிளம்பினோம். விழுப்புரம் சாலையில் பத்து கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். 'டிங்' என்று ஒரு சத்தம். மீட்டரில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைவு என்ற சிவப்பு விளக்கு.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் முரளி. குரலில் கவலை இருந்தது என்று அவர் இன்றும் சாதிக்கிறார். எனக்குக் கேட்டது என்னவோ சந்தோஷம்தான்.

நான் முதலில் பார்த்தது வெப்ப முள்ளை. அது நடுவில், வழக்கமான இடத்தில்தான் நின்றது. நிம்மதியாக ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். கீழே இறங்கிப் பானெட்டைத் திறந்ததும் முரளியின் கை நேராகக் கூலண்ட் தொட்டி மூடிக்குப் போனது. தட்டிவிட்டேன். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

சூடு ஆறியதும் தொட்டியைப் பார்த்தால் அளவுக் கோடுகளே தெரியவில்லை. சரியாக அந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். பூஜையன்று முரளி வைத்த பொட்டு. ஈரத்துணியால் துடைத்தேன். கீழ்க்கோட்டுக்கும் ஒரு விரல் கீழே இருந்தது தண்ணீர். விளக்கு பொய் சொல்லவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன், சொட்டு இல்லை. ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்த்தேன், காய்ந்தே இருந்தன. மூடியைச் சுற்றி மட்டும், கூலண்ட் கசிந்து காய்ந்த மாதிரி, இளஞ்சிவப்பாக உப்புப் பூத்திருந்தது.

பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, பெயர் செல்வி, குடத்தோடு வந்தார்.

"இன்னாம்மா, ரொம்ப நேரமா நிக்கறீங்க? தண்ணி குடிங்க." தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவரும் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "அது இன்னா, மூடியில நூலு தொங்குது?"

மூடிக்குக் கீழிருந்து பழுப்பு நூல் ஒன்று எட்டிப் பார்த்தது. மூடியைத் துணி போட்டு மெல்லத் திருகி எடுத்தேன். உள்ளே ரப்பர் வளையத்தின் மேல் பூ கட்டுகிற நூல் நசுங்கி ஒட்டியிருந்தது. நுனியில் வெந்துபோன ஒரு சாமந்தி.

முரளி வீட்டில் ஒரு பழக்கம். பூஜையன்று எதுவும் குறையாக இருக்கக் கூடாது. அரிசி டப்பா, உப்பு ஜாடி எல்லாம் தளும்ப வேண்டும். அந்தக் கணக்கில் கூலண்ட் தொட்டியையும் திறந்து நிரப்பியிருக்கிறார். ஒவ்வொரு பாகத்துக்கும் பொட்டு வைத்து, தொட்டியின் கழுத்துக்கு ஒரு முழம் சாமந்தியைச் சுற்றி, நூலோடு சேர்த்து மூடியைத் திருகிவிட்டார். பிறகு பூவைப் பிய்த்துப் போட்டபோது மாட்டியிருந்த நூல் அங்கேயே தங்கிவிட்டது. மூடி இறுகாததால் வண்டி சூடாகும்போதெல்லாம் கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறியிருக்கிறது.

செல்வியிடம் பந்தயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வண்டிக்குப் பூ சாத்துவாங்க, வண்டி வாயில சாத்துன ஆள இப்பதான் பாக்கறேன். வண்டி இன்னா பண்ணும் பாவம்! தகராறு பண்ணது நீதான் சார்."

வளையத்தைத் துடைத்து, வாங்கி வைத்திருந்த பாட்டில் குடிநீரை இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வரும்வரை ஊற்றி, மூடியை இறுக்கினேன். எஞ்சினை முடுக்கியதும் விளக்கு அணைந்தது. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். செல்வி கையாட்டிவிட்டு வயலுக்குத் திரும்பினார்.

மண்டகப்பட்டில் வண்டி ஆறியதும் மறுபடி பார்த்தோம், அளவு அப்படியே இருந்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் ஒரே பாறையில் குடைந்த கோயில் அது. "இதுக்குக் கூலண்டும் வேணாம்" என்றார் முரளி. விளக்கு எரிந்த பிறகு அவர் பேசிய முதல் நல்ல வார்த்தை. ராத்திரி ஒன்பதுக்கு வீடு.

போகிறவர்களுக்கு: கோட்டைக்குக் காலையிலேயே போங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், வண்டிக்குத் தனியாக இரண்டு. விளக்கு எரிந்தால் முள்ளைப் பாருங்கள். முள் ஏறினால் அதன்பின் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். குடிநீர் அவசரத்துக்கு மட்டும்தான், ஊர் திரும்பியதும் சரியான கூலண்ட் மாற்றிவிடுங்கள். நாங்கள் மறுநாளே மாற்றினோம். பூஜைக்குப் பூ தாராளமாக வையுங்கள், மூடிகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

திங்கட்கிழமை, முரளி ஏற்கெனவே பேசி வைத்திருந்த புரோக்கரே போன் செய்தார். நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"இல்லீங்க, கொடுக்கல" என்றார் முரளி. "கழுத்துல நான் நூலைக் கட்டி விட்டும், எங்களச் செஞ்சி வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துச்சு. அத எப்படிங்க விக்கறது?"