அவள் விரித்த பாய்

உபதேசியாரின் மனைவியாக நான் ராஜபாளையத்துக்கு வந்தபோது எனக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இல்லை. நாளில் கொஞ்ச நேரமாவது ஆண்டவர் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் விரும்பினேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கவே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அது எனக்குத் தாராளமாகக் கிடைத்திருந்தது. சாயங்காலம் தையல் வகுப்பு முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் கிணற்றடிக்கு ஓடுவார்கள். நான் ஆலயத்துக்குள் போய்க் கடைசித் தூணோரம் உட்கார்ந்துகொள்வேன். தரை சில்லென்றிருக்கும். பெருமாள் கோயில் மேளம் தூரத்தில் கேட்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். பெரிதாக ஒன்றும் ஜெபித்ததாக நினைவில்லை. அவர் இருக்கிறார், நானும் இருக்கிறேன், அதுவே போதுமாக இருந்தது. கல்யாணமான பிறகு அந்தக் குளிர்ந்த தரையை நினைத்து எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வீடு ஜெப வீட்டை ஒட்டினாற்போல் இருந்தது. மண் சுவர், ஓலைக் கூரை. என் கணவர் விடியும் முன்பே சேத்தூருக்கோ மம்சாபுரத்துக்கோ நடந்து போய்விடுவார். அங்கெல்லாம் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. அவர் போன பிறகு எல்லாம் என் தலையில். நான்கு பிள்ளைகள், கடைசியது பால்குடி. கஞ்சி காய்ச்சி இறக்குவதற்குள் எழுத்துப் படிக்கும் சிறுமிகள் வந்துவிடுவார்கள். நடுவில் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு ஒருத்தி வருவாள், புருஷன் அடித்தான் என்று அழுதுகொண்டு இன்னொருத்தி வருவாள். மத்தியானத்துக்கு மேல் நான் வீடுகளுக்குப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்ல வேண்டும்.

அதிகாலையில் முழங்காலில் நிற்பேன். இரண்டு வார்த்தை சொல்வதற்குள் பிள்ளை அழும். இல்லையென்றால் நின்ற நிலையிலேயே கண் சொருகிவிடும். எழுந்து அடுப்பு மூட்டும்போது நெஞ்சு வெறுமையாக இருக்கும். ஊழியக்காரர் வீட்டிலேயே ஆண்டவருக்கு இடமில்லாமல் போயிற்றே என்று நினைப்பேன். யாரிடமும் சொன்னதில்லை.

நான் போய்வந்த வீடுகளில் ஒன்று தெலுங்கு பேசுகிற, வசதியான குடும்பம். அந்த வீட்டுப் பெண்கள் அநேகமாக வாசல் தாண்டுவதில்லை. அங்கிருந்த மருமகள் என்னைவிட இளையவள், பிள்ளையில்லாதவள். எழுத்துப் படிக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. மாமியார் அரைமனதோடு சம்மதித்திருந்தாள். நான் முன்கட்டில் ஒரு பலகையில் உட்காருவேன், மருமகள் நிலைப்படிக்கு அந்தப் பக்கம். நான் கிளம்பிய பிறகு நான் உட்கார்ந்த இடத்தில் மாமியார் தண்ணீர் தெளிப்பாள் என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் போகாமல் இருந்ததில்லை.

அது புரட்டாசிச் சனிக்கிழமை. மாமியாரும் மற்றவர்களும் கூண்டு வண்டி கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் மலைமேல் இருக்கிற பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தார்கள். மருமகள் வீட்டுக்கு விலக்கு என்பதால் போகவில்லை. என் கைப்பிள்ளைக்குச் சில நாட்களாகக் காய்ச்சல் அடித்து அன்றைக்குத்தான் விட்டிருந்தது. அவனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பாரம் சுமந்து களைத்தவர்களை ஆண்டவர் தம்மிடம் வரச்சொல்லி அழைத்ததை அன்று அவளுக்குச் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அவரு இளைப்பாறுதல் தருவாருன்னு சொல்லுதீகளே, ஒங்களுக்குத் தந்தாரா?"

கேலி இல்லை அவள் குரலில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"போயி வாங்கிக்கிட எனக்கு நேரமில்ல தாயி" என்றேன்.

"ஒங்க கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. போன வாரமும் வாசிக்கயிலேயே தூங்கி விழுந்தீக."

எழுந்து உள்ளே போனாள். தன் பாயை எடுத்துவந்து நிலைப்படிக்கு அந்தப் பக்கம், தன் பக்கத்தில், விரித்தாள்.

"படுக்கோ அக்கா" என்றாள், தன் பாஷையில். "பிள்ளைய நான் வச்சிருக்கேன்."

"ஒங்க மாமியார் வந்துட்டா?"

"அவிய வர பொழுது சாஞ்சிரும். செத்த நேரம் படுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் ஏற்கெனவே பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுவிட்டாள். அந்த வீட்டில் என் பிள்ளையை யாரும் தொட்டதில்லை. நான் படுத்தேன். பாயில் மஞ்சள் வாசனை அடித்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது முற்றத்து வெயில் சுவரேறிப் போயிருந்தது. அவள் தூணில் சாய்ந்திருந்தாள். மடியில் என் பிள்ளை தூங்கினான். ஒரு கையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். வாசலில் மாமியார் நின்றாள், கழுத்தில் துளசி மாலையோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அவள எந்திரிச்சுப் போகச் சொல்லு" என்றாள் மருமகளிடம்.

மருமகள் பதறவில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்து, அவன் தலையைச் சரிசெய்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். அடுத்த வாரம் நான் போனபோது வேலைக்காரி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"படிச்சது போதும்னு சொல்லிட்டாக. இனிமே வர வேண்டாமாம்."

அன்று சாயங்காலம் கணவர் வந்து கால் கழுவும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தக் கதவு மூடியதை மட்டுமல்ல.

"நான் ஒழுங்கா ஜெபிச்சு எம்புட்டு நாளாச்சுன்னு எனக்கே தெரியல. ஊருக்கெல்லாம் சொல்லுதேன். எனக்குள்ள ஒண்ணுமில்ல."

பிரசங்கம் செய்வாரோ என்று பயந்தேன். அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"நான் நடக்கும்போதுதான் ஜெபிக்கேன்" என்றார். "சேத்தூரு வரைக்கும் பேச ஆளில்ல, அவருகூடப் பேசிக்கிட்டே போறேன். ஒனக்கு அதுகூட இல்லையே. வெள்ளிக்கிழம மத்தியானம் நான் எங்கேயும் போகல. பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன். நீ ஜெப வீட்டுல போயி இரு."

முதல் வெள்ளிக்கிழமை ஜெப வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இத்தனை வருஷமாக ஜெபிக்காமல் விட்டதற்கெல்லாம் ஆண்டவர் என்னிடம் பதில் கேட்பார் என்ற எண்ணத்தோடுதான் போனேன். வார்த்தை வரவில்லை. அந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது. என்னால் அவளுக்குப் படிப்பும் போயிற்று என்று அழுதேன். அழுது முடித்தபோது, பல வருஷங்களுக்குப் பிறகு நான் மனதார ஜெபித்த ஜெபம் அவளுக்காகத்தான் என்பது புரிந்தது. இன்னொன்றும் தோன்றியது. அந்தப் பாயில் நான் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. ஆனாலும் என்னைத் தூங்கவிட்டு, என் பிள்ளையை யாரோ தாங்கியிருந்தார்கள். அங்கே ஆண்டவரும் இருந்தார் என்றே நம்புகிறேன். விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமைகள் நிலைக்கவில்லை. மழைக்காலத்தில் சேத்தூரில் விஷக்காய்ச்சல் பரவியபோது என் கணவர் நாள்கணக்கில் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. பிறகு சில வெள்ளிக்கிழமைகள் கிடைக்கும், பல கிடைக்காது. என் ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதில் முன்பிருந்த கசப்பு இல்லை. அடுப்படியில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது கண்ணை மூடினால் ஆண்டவர் பக்கத்தில் இருப்பதாக நினைக்க எனக்குத் துணிவு வந்திருந்தது.

அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கவில்லை. அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் நடையைக் குறைப்பேன். கதவு சாத்தியே இருக்கும். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கக்கூட எனக்கு ஆளில்லை. ஜெப வீட்டில் உட்காரக் கிடைக்கிற மத்தியானங்களில் முதலில் அவள் பெயரைத்தான் சொல்கிறேன். பிறகு பேச்சு நின்றுவிடும். வெளியே பிள்ளைகள் சண்டை போடுவது கேட்கும். யாராவது கூப்பிடும்வரை அப்படியே இருப்பேன். கூப்பிட்டால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவேன்.