நான் சாப்பிட்ட விரத ஞாயிறு

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு விரத ஞாயிறு. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஞாயிறு மதியம் வரை எதுவும் சாப்பிடுவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. எதற்காக விரதம் இருக்கிறோம் என்பதைத் தொடங்கும்போதே ஜெபத்தில் சொல்லிவிட வேண்டும். வேலை கிடைக்க, நோய் தீர, சில சமயம் வெறும் நன்றிக்காக. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இருக்கத் தேவையில்லை. இதை நான் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்தே கேட்டு வந்திருக்கிறேன். புதிதாக வந்த பெண்களுக்கு நானே எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான்தான், நான்கு மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, அவள் எடை ஏற வேண்டும் என்று விரதம் இருந்தேன். முதல் ஞாயிறு மட்டும் அல்ல, தொடர்ந்து மூன்று ஞாயிறு.

வெளியில் எங்களை மார்மன்கள் என்பார்கள். கும்மிடிப்பூண்டியில் அந்தச் சொல்லும் பலருக்குத் தெரியாது. ‘டீ குடிக்காத கிறிஸ்டீன்காரங்க’ என்று கேட்டால் எங்கள் தெருவில் வீட்டைக் காட்டிவிடுவார்கள். சென்னையில் கல்லூரியில் படிக்கும்போது நானும் என் கணவரும் இந்தச் சபையில் சேர்ந்தோம். அவர் இப்போது சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். என் மாமியார் ஆரம்பாக்கம் பக்கத்தில் நெல் பயிர் செய்கிறார், அம்மன் கோயிலுக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மின்சார ரயிலேறி ஆராதனைக்குப் போவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. “எங்கனா ஒரு இடத்துல கும்புட்டா சரி” என்பார்.

எல்லாம் தொடங்கியது ஒரு டீயில்தான். மூன்றாவது மாத மசக்கையில் எனக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மாமியார் வீட்டில் இருந்தேன். இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ கொடுத்தார். அது தங்கியது. தொடர்ந்து பதினொரு நாள் குடித்தேன். டீயும் காப்பியும் எங்களுக்கு விலக்கு. குடிக்கும்போது அது மருந்து என்று சொல்லிக்கொண்டேன். மசக்கை நின்ற பிறகு அது மருந்துதானா என்று யோசிக்கத் தொடங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட.

மகள் பிறந்தாள். நான்காம் மாதம் அங்கன்வாடியில் எடை போட்டபோது, இரண்டு மாதத்தில் முந்நூறு கிராம்தான் ஏறியிருந்தாள். எடை அட்டையில் இருந்த கோடு மேலே போகாமல் படுத்துக் கிடந்தது.

“நல்லா சாப்பிடுறியாமா?” என்று கேட்டார் செவிலியர்.

“சாப்பிடுறேன் மேடம்.”

அப்போது அது உண்மை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் உட்கார்ந்து நான் நினைத்தது பாலைப் பற்றி அல்ல. அந்தப் பதினொரு டீயைப் பற்றி. நான் மறைத்ததற்குப் பதில் என் குழந்தையின் உடம்பில் எழுதப்படுகிறது என்று முடிவே செய்துவிட்டேன். அந்த வாரம் முதல் ஞாயிறு வந்தது. இருந்தேன். அடுத்த வியாழன் மறுபடி போட்டபோது எடை கொஞ்சம் குறைந்திருந்தது. அப்படியானால் என் விரதம் போதவில்லை என்று தோன்றியது. அடுத்த ஞாயிறும் இருந்தேன். எம்.எஸ்சி. படித்தவள் நான். உயிர்வேதியியல். அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு கணவருக்குக் காலை ஷிப்ட். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக ரயிலேறத் தெம்பில்லாமல் வீட்டிலேயே இருந்தேன். முந்தின நாள்தான் மாமியார் வந்திருந்தார். பொன்னேரி மார்க்கெட்டில் பால் சுறா வாங்கி, உரித்த பூண்டும் முருங்கைக் கீரையும் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். சனிக்கிழமை இரவு வயிறு சரியில்லை என்றேன். ஞாயிறு காலையும் அதையே சொன்னேன். இந்தமுறை மதியத்தோடு நிறுத்தாமல் இரவு வரை இருப்பதாக நினைத்திருந்தேன். அவர் சுறாவை வேகவைத்து உதிர்த்து, புட்டு செய்து மூடி வைத்தார்.

மதியம் என் தோழி வந்தாள். எங்கள் சபையில் ஒவ்வொரு குடும்பத்தையும் மாதம் ஒருமுறை பார்த்துவர இரண்டு சகோதரிகளை நியமித்திருப்பார்கள். அன்று இன்னொருவருக்கு முடியவில்லை. இவள் மட்டும், ஆராதனை முடிந்து ரயிலில் நேராக வந்திருந்தாள். என் வயதுதான். ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலை. செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் பிடித்துக்கொண்டார்.

“நீதான் அந்த சர்ச்சுப் பொண்ணா? வா, குந்து. ஒண்ணு கேக்கணும். பால் குடுக்கறவள பட்டினி போடுதே, இன்னா சாமிமா உங்க சாமி?”

“பட்டினியா? யாரு அத்தை?”

“இதோ நிக்கறாளே. நேத்து மத்தியானம் துன்னது. கேட்டா வயிறு சரியில்லன்றா. வயிறு சரியில்லாதவ ரெண்டு வாட்டி எழுந்து போவணுமா இல்லியா? போவவே இல்ல. நான் இன்னா ஒண்ணும் தெரியாதவளா?”

தோழி என்னைப் பார்த்தாள். “இன்னைக்கு விரத ஞாயிறுகூட இல்லியே சிஸ்டர்.”

நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்து நீட்டினேன்.

“எதுக்காக இருக்கீங்க?”

“பாப்பா எடை ஏறணும்னு.”

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். “கேட்டியா! கொழந்த எடை ஏறணும்னு, கொழந்தைக்குப் போற பால நிறுத்திக்கினு கீறா. படிச்சவ!”

அழுகை வந்துவிட்டது. நின்றபடியே டீயைப் பற்றிச் சொல்லிவிட்டேன், பதினொரு நாளையும். சபையிலிருந்து வந்தவளிடம் சொல்கிறேன் என்ற பயம் ஒருபக்கம். மாமியார் காதில் விழுகிறதே, அவர் கொடுத்ததைப் பாவம் என்கிறேனே என்ற வெட்கம் ஒருபக்கம்.

மாமியார் கோபப்படவில்லை. “அய்ய, அந்த டீய நான்தானே போட்டேன்? அது தப்புன்னா என் தலைல வரட்டும். உங்க சாமிகிட்ட சொல்லு, ஆரம்பாக்கம் வந்து என்னைக் கேக்கட்டும்.”

தோழி சிரித்துவிட்டாள். “அவரு வரமாட்டாரு அத்தை. வந்தாலும் உங்க கையால புட்டு துன்னுட்டுதான் போவாரு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “எங்க லேபு சூப்பர்வைசரு எவ்ளோ பேஜாரான ஆளு தெரியுமா? அவரே என் மேல கோவம்னா என்னைத்தான் திட்டுவாரு. என் ஊட்டுக்கு வந்து கொழந்தையைக் கிள்ளமாட்டாரு. பரலோகப் பிதாவ அவரவிட மோசமா நினைச்சிக்கினு இருக்கீங்களே சிஸ்டர்.”

நான் அப்படி நினைத்திருந்தேன் என்பது அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது. தினமும் இரண்டு வேளை அவரிடம் ஜெபம் செய்தவள்.

“தட்டை எடுங்க” என்றாள். “உங்க விரதத்துல மீதிய நான் இருக்கேன்.”

மாமியார் இரண்டு தட்டில் புட்டு வைத்தார். தோழி தன் தட்டை என் பக்கம் தள்ளினாள். “இப்பதானே சொன்னேன் அத்தை, நான் இருக்கேன்னு.”

“ஒருத்தியைத் துன்ன வெச்சா இன்னொருத்தி பட்டினியா? நல்ல கூட்டம்டி உங்க கூட்டம்” என்று முணுமுணுத்தவர், சற்று நேரம் கழித்துத் தனக்கே சொல்வதுபோல, “எங்க ஊர்லயும் பக்கத்து ஊட்டுப் புள்ளைக்குன்னு பால்குடம் எடுப்பாங்க” என்றார். நான் இரண்டு தட்டையும் சாப்பிட்டேன். அவ்வளவு பூண்டும் மிளகும் போட்ட புட்டை இப்போது நினைத்தாலும் நாக்கில் எச்சில் ஊறுகிறது.

ஷிப்ட் முடிந்து மாலையில் வந்த கணவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். டீயைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “மூணு வாரமா சாப்பிட்டியான்னு கேட்டுக்கினுதானே இருந்தேன்” என்றார். அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் பொன்னேரி அரசு மருத்துவமனையில் குழந்தையைக் காட்டினோம். பால் குறைந்திருக்கிறது, அடிக்கடி கொடுத்தால் வந்துவிடும், முதலில் நீ சாப்பிடு என்றார் மருத்துவர். மாமியார் இரண்டு வாரம் தங்கினார். வயலைப் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு வியாழன் எடை இருநூறு கிராம் ஏறியிருந்தது. அடுத்த வியாழன் இன்னும் கொஞ்சம். கோடு மெல்லத் தலையைத் தூக்கியது. சுறாதான் காரணம் என்று மாமியார் தெரு முழுக்கச் சொன்னார்.

அதற்குள் அடுத்த முதல் ஞாயிறு வந்தது. தோழி என்னிடம் கேட்டுவிட்டு, சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தாள்: ‘இந்த மாச விரதம் நம்ம பாப்பாவுக்காக. அம்மா சாப்பிடுவாங்க.’ அவளுக்கு போன் செய்தேன்.

“எடைதான் ஏறுதே சிஸ்டர். எதுக்கு எல்லாரும் கஷ்டப்படணும்?”

“அப்ப நன்றிக்கு இருந்துட்டுப் போறோம். நீங்க நாஷ்டாவ ஒழுங்கா துன்னுட்டு வாங்க.”

நான்கு இட்லி சாப்பிட்டேன். சாப்பிடலாமா என்று இரண்டாவது இட்லியில் ஒருமுறை யோசித்தேன். அது என் சுபாவம், ஒரே மாதத்தில் போய்விடாது. ரயிலில் மீஞ்சூர் தாண்டும்வரை இன்னொருமுறை யோசித்தேன்.

சபைக் கூடத்தில் நுழைந்தபோது என்னைத் தவிர எல்லாருடைய உதடும் காய்ந்திருந்தது. ஒவ்வொருவராக வந்து மகளின் கன்னத்தைத் தொட்டார்கள். யாரும் டீயைப் பற்றிக் கேட்கவில்லை. தோழி சொல்லியிருக்கமாட்டாள். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று அன்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

விரத ஞாயிறன்று பிரசங்கம் கிடையாது. விரும்புகிறவர் எழுந்துபோய்த் தன் சாட்சியைச் சொல்லலாம். நானும் இரண்டு வரி தயார் செய்து வைத்திருந்தேன். எழுவதற்குள் மகள் பசியில் வீறிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே தாய்மார்களுக்காக ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். தோழியின் குரல் வந்தது. “பசில என் வயிறு கூவுறது மைக்குல கேக்குதா?” என்றாள். கூடமே சிரித்தது. “பரவால்ல. பாப்பாவுக்காகத்தானே.”

மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் விழுங்கும் ஓசை கேட்கத் தொடங்கியது. பல வாரங்களாக நான் அதைக் கேட்டதில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் மாற்றினேன். அதிலும் பால் இருந்தது.