மிளகளவு குமிழிகள்

அன்று அறையில் இருந்தது மூன்று பேர். மூக்கில் குழாயோடு கட்டிலில் அப்பா, கட்டில் காலருகே ஒன்பது வயது நான், என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த தம்பி. அம்மா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் பெருக்கப் போயிருந்தாள். வேறு பெரியவர்கள் யாராவது இருந்தார்களா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

அப்பா இரும்பு உருக்கும் ஆலையில் வருஷக்கணக்காக உலைமுன் நின்று, நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடந்தார். தலைமாட்டில் வாடகை ஆக்சிஜன் சிலிண்டர், காற்றைக் கூட்டிக் குறைக்க அதன் மேல் ஒரு திருகு. அந்தக் காற்று ஒரு பாட்டில் தண்ணீருக்குள் குமிழியிட்டுத்தான் அவர் மூக்குக்குப் போகும்.

"ஒல கொதிக்கிற மாதிரி குமிழு வந்துகினே இருக்கணும். கொறைஞ்சா பக்கத்தூட்டு அக்காவக் கூப்புடு" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் அம்மா கிளம்புவாள். குமிழி நின்றால் அப்பாவும் நின்றுவிடுவார் என்று எனக்குப் பயம். கண் எரிய எரிய அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் தலை மறைந்ததும் அப்பா கூப்பிடுவார்.

"யம்மாடி, திருகக் கொஞ்சூண்டு மூடு. பெருசா வர்றதெல்லாம் குடிகாரன் மாதிரி தள்ளாடிகினு போவுது பாரு. சின்னது எவ்ளோ டீசன்ட்டா போவுது!"

உண்மைதான். பெரிய குமிழிகள் மேலே குடைபோல வளைந்து, அடியில் தட்டையாகி, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே ஏறும். திருகை மூட மூட, மிளகளவில் உருண்டையாக, ஒன்றன்பின் ஒன்றாக, நூல் பிடித்தாற்போல் நேரே போகும். பெரிதானால் ஏன் உருக்குலைகிறது என்று எந்த வகுப்பில் சொல்லித் தருவார்களோ, நான் ஏழாவதோடு நின்றுவிட்டேன்.

"ஒரேடியா மூடிடாத, அப்பன் பூடுவேன்" என்று சிரிப்பார். நான் திருகிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்துவிடுவேன். அம்மா வரும் நேரத்துக்கு மறுபடி திறந்துவிடுவோம். அது எங்கள் இருவருக்குமான விளையாட்டு.

அன்று கம்பெனியில் மின்சாரம் இல்லையென்று அம்மாவை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். உள்ளே வந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். பாய்ந்துபோய்த் திருகைத் திறந்தாள்.

"ஒதடெல்லாம் நீலமா கீது! யாரு மூடுனது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"புள்ள வெளையாடிகினு இருந்துது. உடு."

கன்னத்தில் பளீரென்று விழுந்தது. "மூச்சு உனுக்கு வெளையாட்டாடி?" தம்பி விழித்து அழுதான். பொய்யே சொல்லாத அப்பா ஏன் சொன்னார் என்பதிலேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் சிலிண்டர் மாற்ற ஆள் வந்தார். சிலிண்டரின் அளவுமுள்ளைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, நேத்தே காலியாயிருக்கணும், இன்னும் பாதி கீது? அண்ணன் மூச்சு உடுறாரா, சேத்து வெக்கிறாரா?" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னை இழுத்து, அடித்த கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். கன்னம் அப்போது வலிக்கவே இல்லை. அதைச் சொல்லியும் அவள் நிறுத்தவில்லை. எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

புது சிலிண்டரை இறக்காமலே வண்டியைத் திருப்பிய அந்த ஆள், வாசலில் நின்று பழைய பாக்கியை நினைவுபடுத்திவிட்டுப் போனார்: ஆயிரத்து நானூறு ரூபாய்.