பதின்மூன்று மணி நேரமும் ஒரு வாக்கியமும்

தாய்ஸ்தோ கெம்ப்பைனன் நாற்பது ஆண்டுகள் கயானி ஊரில் பனி அகற்றும் வண்டி ஓட்டியவர். வண்டியில் ஒரே ஒரு இருக்கை. அதனால்தான் அந்த வேலையில் நிலைத்தார் என்பது என் கணிப்பு. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் ஊழியராக அவருடைய வலது காலுக்குக் கட்டுப் போடப் போனேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பக்கத்து வீடு என்பதால் கால் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது.

அவர் மகள் சிர்க்கூவுக்கு டோக்கியோவில் ஆண் குழந்தை பிறந்தது. ஹெல்சிங்கியிலிருந்து முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். ரஷ்யாவின் வானம் மூடியபின் விமானம் வட துருவத்தைச் சுற்றிப் போகிறது. பதின்மூன்று மணி நேரம். ஊர்கள் நகரவில்லை, வழிதான் ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் நீண்டுவிட்டது.

அந்தக் காலில் ஏற்கெனவே ஒருமுறை இரத்தம் உறைந்திருந்தது. மணிக்கொரு தரம் எழுந்து நடந்தால் போகலாம், முடியாதென்றால் பேரனைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மனிதர் அதற்குள் சீட்டு எடுத்திருந்தார்.

"ஜன்னலோரமா? புத்தி இருக்கா உனக்கு?"

"ஒரு பக்கம்தானே ஆள் இருக்கும், ஹெல்வி."

நடைபாதைப் பக்கம் ஒரு இடமும் மிச்சமில்லை. ஆக, முன்பின் தெரியாத ஒருவரை மணிக்கொரு தரம் எழுப்ப வேண்டும். எங்கள் பேருந்துகளில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. கையுறை மாட்டுவோம், பையைச் சரசரவென்று ஆட்டுவோம். பக்கத்தில் இருப்பவர் புரிந்துகொண்டு எழுவார்.

என் சமையலறையில் சுவரை ஒட்டி இரண்டு நாற்காலி போட்டேன். உள்ளே அவர், வெளியே நான். அவர் கையுறை மாட்டினார். நான் அசையவில்லை. பையின் ஜிப்பை இழுத்தார். நான் காப்பி குடித்தேன்.

"தெரியலையா? நான் எறங்கணும்."

"எங்க, வட துருவத்துலயா? வாயத் தொறந்து கேளு."

"நீ காப்பியக் குடிச்சு முடி. நான் இருக்கேன்."

"நீ இருப்ப. உன் காலு இருக்காது."

மூன்றாம் நாள், "கொஞ்சம் வழி விடுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். போதும் என்று அனுப்பிவைத்தேன்.

போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு இத்தாலிய அம்மாள். முதல் மணி நேரத்தில் இவர் கையுறை மாட்டியிருக்கிறார். குளிர்கிறது போலும் என்று அவள் தன் போர்வையைக் கொடுத்தாள். இரண்டாம் மணியில் ரோமத் தொப்பி போட்டார். அவள் தன் சால்வையை எடுத்து இவர் கழுத்தில் சுற்றினாள். மூன்றாம் மணியில் உடம்பெல்லாம் வியர்வை, கால் மரக்கட்டை.

"அப்புறம்?"

"கேட்டுட்டேன். கொஞ்சம் சத்தமாப் போச்சு. பணிப்பெண் ஓடி வந்துட்டா."

"அந்தம்மாவுக்கு நம்ம பாஷை தெரியுமா?"

"ஒரு எழுத்து தெரியாது. உடனே எழுந்துட்டா. அப்புறம் ஒன்பது தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கூடவே நடந்தா, பேசிக்கிட்டே."

"காலு?"

"நல்லாருக்கு. பையனுக்கு என் மூக்கு. பாவம்."

"திரும்பி வரும்போது நடைபாதைப் பக்கம் மாத்தித் தரச் சொல்லட்டுமா? இப்பவே கேட்டா கிடைக்கும்."

 

"வேணாம். அங்க உக்காந்தா நான் யாருகிட்டக் கேக்கறது?"