மோருக்கு நின்ற சைக்கிள்

எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கணும். நான் அஞ்சாவதோடு நின்றவள். சிலது மறந்தும் போகிறது. ஆனால் அந்தச் சைக்கிள் ஓட்டம் முடிந்ததிலிருந்து வயிறு எரிந்துகினே இருக்கிறது. எழுதினால்தான் ஆறும்.

என் சைக்கிள் பழசு. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டின காலத்தில் லுங்கிக் கட்டு ஏற்றிப் போக வாங்கினது. இப்போது திருத்தணியில் மகன் வீட்டில் அவன் பைக்கை நிறுத்த அது இடிக்கிறதாம். "காயலான் கடையில போட்டுடறேம்மா" என்று தினமும் ஒரே பாட்டு. அந்த நேரம் பார்த்து, சென்னை சைக்கிள் குழு ஒன்று திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற நீள ஓட்டம் வைத்தது. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், மதியத்துக்குள் முடிக்கணும். மகன் சிரித்தான்.

"நேரத்துக்குள்ள வந்துடு, இத நானே தொடச்சி வெக்கிறேன். வரலன்னா காயலான் கடை. சரியா?"

"ஆங்" என்றேன். எனக்கு அதற்கு மேல் பேச வராது.

போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. தொப்பி போட்ட பிள்ளைகள் விர்ரென்று முன்னால் போய்விட்டார்கள். நான் என் பாட்டுக்கு மிதித்தேன். திரும்பும்போதுதான் பிடித்தது சனி. ஆடி மாசம், கிருத்திகை நெருங்குகிற சமயம். மஞ்சள் கட்டின முருக பக்தர்கள் திருத்தணி மலைக்கு வருவார்கள், வழியெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல். ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்த பனியனோ மஞ்சள். அதைப் புடவை மேல் மாட்டியிருந்தேன். மருமகள் வேறு காலையில் பூஜை போடுகிறேன் என்று ஹேண்டில்பாரில் பூச்சரம் சுற்றி, விபூதி அப்பிவிட்டிருந்தாள். இந்தக் கோலத்தில் ஒரு கிழவி மலையைப் பார்த்து வந்தால் எங்கள் பக்கத்து ஜனம் சும்மா விடுமா?

முதல் தண்ணீர்ப் பந்தலில் ஒரு அம்மாள் மோர்ச் சொம்போடு குறுக்கே நின்றாள்.

"அரோகரா! எறங்குங்கம்மா, குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டுதல் இல்லம்மா, இது போட்டி."

"இந்த வயசுல போட்டியா?" அவள் பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினாள். "வெளிய சொல்லக்கூடாத வேண்டுதலு போலக்குது, கேக்காதடி."

முருகன் பேரைச் சொல்லி நீட்டுகிற மோரை எப்படித் தள்ளுவது? குடித்தேன். அதற்குள் இன்னொருத்தி என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டாள். செருப்பு நனைந்து பெடல் வழுக்கியது. அடுத்த பந்தலில் கூழ். அதற்கடுத்ததில் ஒருத்தர், "அவ்வா, பிள்ளைக்கு விபூதி வெச்சி விடுங்க" என்று கைக்குழந்தையை நீட்டினார். ஹேண்டில்பாரில் இருந்ததையே சுரண்டி வைத்தேன். அழுகையே வந்துவிட்டது. முருகா, உன் பேரைச் சொல்லி என்னைக் கட்டிப்போடுகிறார்களே, நீயாவது சொல்லக்கூடாதா?

கடைசிப் பந்தலில் நான் நிற்கவில்லை. மணி அடித்துகினே, "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று கத்தினேன். என் வாயிலிருந்தா அந்தச் சத்தம்?

"சாமி வந்துடுச்சி, ஒதுங்குங்கடா!" என்று ஜனம் பிளந்து வழி விட்டது. முன்பே கத்தியிருக்கணும்.

முடிகிற இடத்தில் காற்று அடைத்த பெரிய வளைவு; நேரம் முடிந்ததும் காற்றைப் பிடுங்கிப் படுக்க வைத்துவிடுவார்கள். நான் உள்ளே போய் நின்றதும் ஒரு பெண் மெடலை மாட்டி, "பரவால்ல பாட்டி" என்றாள். அங்கே வந்து நின்றிருந்த மகன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான்.

"பரவால்லன்னா லேட்டுன்னு அர்த்தம்மா. நீ வரும்போதே வளைவு பாதி படுத்துடுச்சி."

இல்லை. என் முன்சக்கரம் நுழையும்போது அது நிமிர்ந்துதான் இருந்தது. அப்புறம்தான் காற்றைப் பிடுங்கினார்கள். அப்படித்தான் ஞாபகம். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாராவது போட்டோ எடுத்திருந்தால், கொஞ்சம் சரிபார்த்து என் மகனிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொன்னால் நல்லது. அன்றைக்குத்தான் பழைய இரும்புக்காரர் எங்கள் தெருவுக்கு வருவார்.