காமினி அக்கா வீட்டின் புகை நுழையாத அறை

கூலித் தொழிலாளர்கள் வாழும் எங்கள் எஸ்டேட் தோட்டத்தின் முதல் பட்டதாரி நான். அந்தப் பெருமையோடு பினாங்கின் பாயான் பாருவில் ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, தூசி நுழையக்கூடாத அறையின் வாசலிலேயே, அங்கு நெடுநாளாக வேலை செய்யும் காமினி அக்கா என்னை நிறுத்தினார்.

"முகமெல்லாம் பவுடர்! கல்யாணத்துக்கா வந்தீங்க தம்பி? கழுவிட்டு வாங்க லா."

அந்த ஆண்டு அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டம் பினாங்குப் பாலத்தையே மறைத்தது. அக்காவின் மகன் லோகேஸ்வரனுக்கு ஆஸ்துமா. அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும், அக்கா தன் படுக்கையறையைத் தொழிற்சாலை அறைபோல மாற்றிவிட்டார். சன்னல் இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்தார். கதவில் பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டார். விசிறியில் காற்று வடிகட்டியைக் கட்டினார். குளித்து உடை மாற்றாமல் கணவர்கூட உள்ளே போகமுடியாது.

"சாமி ரூமுக்குக்கூட இவ்வளவு கெடுபிடி இல்ல," என்று கணவர் முனகினார். ஆனால் மகனின் மூச்சு சீரானது.

நான் புது வடிகட்டி கொண்டுபோன அன்று, பக்கத்து வீட்டு மலாய்க் குழந்தைக்கும் இழுப்பு வந்துவிட்டது. அதையும் அந்த அறையில் சேர்த்தால், கதவு திறக்கத் திறக்கப் புகை உள்ளே வரும், லோகேஸ்வரனுக்கு மறுபடி இழுக்கலாம்.

"அக்கா, யோசிங்க."

"யோசிச்சுட்டேன். இன்னொரு பாய் வேணும்."

மறுவாரம் போனபோது அந்த அடுக்குமாடித் தளத்துப் பிள்ளைகள் பலரும் லோகேஸ்வரனோடு அங்கே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை சின்ன மார்புகளும் சீராக ஏறி இறங்கின.

காமினி அக்கா இன்றும் அதே தொழிற்சாலையில் வேலை செய்கிறார், அதே அடுக்குமாடியில் குடியிருக்கிறார்.